மண்ணுக்குள் வாழும் கோடி ஜீவன்களும் மரபணு மாற்றிய பயிரும்

ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், போளூருக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவே இருக்கிறது சந்தவாசல். படவேட்டு அம்மன் கோயிலுக்குச் சாலை பிரிகிற ஊர் என்று சொன்னால் வட ஆற்காட்டுப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சுற்றிலும் செம்மண் கொல்லைகளில் மானாவாரி மல்லாட்டை, ஏரிக்குக் கீழே கழனிகளில் நெல், கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்களுக்குக் கரும்பும் வாழையும், மலைமேல் போனால் சாமை. பருத்தி இங்கே அதிகம் இல்லை. ஆகவே மரபணு மாற்றிய பயிர்களைப் பற்றிய சர்ச்சை எங்கோ விதர்பாவிலும் குஜராத்திலும் நடக்கும் சண்டை, நமக்கு என்ன என்று இருந்துவிடத் தோன்றும். அப்படி இருந்துவிட முடியாது.

மானாவாரி மல்லாட்டைக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்யும் தழைச்சத்து ஹெக்டேருக்கு 10 கிலோதான். வீரிய ஒட்டுப் பருத்திக்குச் சிபாரிசு 120 கிலோ. இந்த வித்தியாசம் பெரும்பாலும் எங்கிருந்து வருகிறது? மல்லாட்டை வேரில் முத்து முத்தாகத் தொங்கும் முடிச்சுகளுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா, காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துவிடுகிறது. கூலி கேட்காத ஆள் அது. இரண்டு ஏக்கர் கொல்லை, வானம் பார்த்த பூமி, கையில் காசு புரளாத ஆடி மாதம் என்று இருக்கும் விவசாயிக்கு மண்ணில் உள்ள நுண்ணுயிர்தான் உரக்கடை. அந்தக் கடைக்கு ஏதேனும் நேர்ந்தால் கடன் சொல்லி மூட்டை வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை.

“மரபணு மாற்றிய விதையை ஊன்றினால் மண்ணே செத்துப் போகும்” என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். “அதெல்லாம் கட்டுக்கதை, மண்ணுக்கு ஒன்றும் ஆகாது” என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுக் குழம்பியிருக்கும் விவசாய நண்பர்களுக்காக, இது வரை விஞ்ஞானிகள் உண்மையில் என்ன கண்டிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மண்ணுக்குள் யார் யார்?

நல்ல மண்ணில் ஒரு சிட்டிகை, அதாவது ஒரு கிராம் எடுத்தால் அதில் சுமார் 100 கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கும். இவை தவிரப் பூசணங்கள், ஆக்டினோமைசீட்ஸ், பாசிகள், ஒற்றைச் செல் பிராணிகள், நூற்புழுக்கள், மண்புழுக்கள் எல்லாம் உண்டு. கோடை மழையின் முதல் தூறலில் செம்மண் கொல்லையிலிருந்து எழும் வாசனையை அனுபவிக்காத விவசாயி யார்? அந்த வாசனையில் பெரும் பங்கு ஆக்டினோமைசீட்ஸ் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. மண்வாசனை என்பது மண்ணில் உயிர் இருப்பதற்கு அடையாளம்.

இவற்றுள் சில சருகையும் எருவையும் மக்க வைக்கின்றன. சில தழைச்சத்தைச் சேர்க்கின்றன. சில, கரையாமல் கட்டிப்பட்டுக் கிடக்கும் மணிச்சத்தைக் கரைத்துக் கொடுக்கின்றன. வேர் உட்பூசணம் என்று ஒரு வகை இருக்கிறது. அது வேருக்குள் ஒரு காலும் மண்ணில் ஒரு காலுமாக நின்று, வேர் எட்ட முடியாத இடத்தில் இருக்கும் மணிச்சத்தை இழுத்து வரும். மல்லாட்டை, சாமை, பருத்தி மூன்றுக்கும் இது துணை. கடுகுச் செடிக்கு இந்தப் பூசணத்தோடு உறவு கிடையாது என்பது ஒரு விசித்திரம். கடுகைப் பற்றிப் பின்னால் வருகிறது.

இந்த ஜீவன்களின் கணக்கு ஒரே நிலையாக நிற்பதில்லை. மழைக்கு முன் ஒரு கணக்கு, மழைக்குப் பின் ஒரு கணக்கு. பூக்கும் பருவத்தில் ஏறும், அறுவடையில் இறங்கும். ஒரே கொல்லையில் மேட்டில் ஒரு விதம், பள்ளத்தில் ஒரு விதம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் சொல்லப்போகும் சோதனைகளின் தராதரம் விளங்கும்.

நச்சும் மண்ணிலிருந்து வந்ததே

பி.டி. பருத்தியில் உள்ள ‘பி.டி.’ என்பது ஒரு பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்பது முழுப் பெயர். 1901-ல் ஜப்பானில் இஷிவாட்டா என்பவர், பட்டுப்புழுக்கள் கூட்டமாகச் சாவதற்குக் காரணம் தேடும்போது இதைக் கண்டார். 1911-ல் ஜெர்மனியில் துரிஞ்சியா பகுதியில் மாவுப் பூச்சியின் புழுவில் பெர்லினர் இதைக் கண்டு பெயர் வைத்தார். உலகெங்கும் மண்ணில் சாதாரணமாக வாழும் பாக்டீரியா இது. 1938-லேயே பிரான்ஸ் தேசத்தில் இதைப் பூச்சிமருந்தாக விற்றார்கள். இன்றைக்கும் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் தெளிக்க அனுமதி உள்ள மருந்து இது.

வேடிக்கை என்னவென்றால், மரபணு மாற்றுத் தொழிலின் சரக்கறையே மண்தான். பி.டி. நச்சின் மரபணு மண் பாக்டீரியாவிடமிருந்து வந்தது. அதைச் செடிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கப் பயன்படும் அக்ரோபாக்டீரியமும் மண்ணில் வாழ்வதே. டில்லிப் பல்கலைக்கழகத்தில் உருவான டி.எம்.எச். 11 என்ற கடுகில் புகுத்திய மூன்று மரபணுக்களில் இரண்டு ஒரு மண் பேசில்லஸிடமிருந்தும், மூன்றாவது ஓர் ஆக்டினோமைசீட்டிடமிருந்தும் எடுத்தவை. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு, அந்த மருந்தைத் தயாரிக்கும் தொழிற்சாலைக் கழிவில் பிழைத்திருந்த ஒரு பாக்டீரியாவிடமிருந்து கிடைத்தது.

அப்படியானால் மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே எப்படிக் கெடுதல் செய்யும் என்று கேட்கலாம். அளவும் காலமும்தான் கேள்வி. பி.டி. மருந்தைத் தெளித்தால் வெயிலில் சில நாளில் வீரியம் போய்விடும். செடிக்குள்ளேயே மரபணுவை வைத்துவிட்டாலோ இலை, தண்டு, வேர் எங்கும் முளைத்த நாள் முதல் நச்சு உண்டாகிக்கொண்டே இருக்கிறது. செடிக்கு வயதாக ஆக அளவு குறையும், ஆனால் நிற்பதில்லை. கழித்த இலையும் உதிர்ந்த பூவும் மடக்கி உழுத கட்டையும் கடைசியில் மண்ணுக்குத்தான் வருகின்றன.

நியூயார்க்கில் கண்டது

இதை முதலில் ஊன்றிப் பார்த்தவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டாட்ஸ்கி என்ற மண் நுண்ணுயிரியல் பேராசிரியர். பி.டி. நச்சைக் களிமண்ணோடு கலந்து வைத்தால் அது களித்துகளில் ஒட்டிக்கொள்கிறது, மக்கிய பொருளிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்டதை நுண்ணுயிர்கள் எளிதில் தின்று தீர்க்க முடிவதில்லை. 234 நாள் கழித்தும் அது புழுவைக் கொல்லும் சக்தியோடு இருந்ததை 1998-ல் வெளியிட்டார்கள். அடுத்த வருஷம், 1999 டிசம்பரில், அவரும் சக்சேனா முதலிய சகாக்களும் ‘நேச்சர்’ பத்திரிகையில் மற்றொரு செய்தியைச் சொன்னார்கள். பி.டி. மக்காச்சோளத்தின் வேர், உயிரோடு இருக்கும்போதே நச்சை மண்ணில் கசியவிடுகிறது என்பதே அது. உலகம் முழுவதும் பரபரப்பு ஏற்பட்டது. “மண் செத்துப் போகும்” என்ற பேச்சு வலுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அதே கூடத்திலிருந்து பின்னால் வந்த செய்திகளைப் பலர் சொல்வதில்லை. 2001-ல் சக்சேனாவும் ஸ்டாட்ஸ்கியும் பி.டி. மக்காச்சோளம் வளர்ந்த மண்ணில் மண்புழு, நூற்புழு, பாக்டீரியா, பூசணம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்தார்கள். சாதாரணச் சோளம் வளர்ந்த மண்ணுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2004-ல் எந்தெந்தச் செடியின் வேர் நச்சைக் கசியவிடுகிறது என்று பார்த்தபோது மக்காச்சோளம், உருளைக்கிழங்கு, நெல் ஆகியவை கசியவிட்டன. பருத்தியும் புகையிலையும் கசியவிடவில்லை. 2008-ல் இத்துறையில் அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்த அவரே, மண் உயிர்களிடம் கண்ட வித்தியாசங்களுக்கு நச்சைவிட மண்ணின் வகை, வெப்பம், பருவம், ரகம் ஆகியவையே பெரும்பாலும் காரணம் என்ற முடிவுக்கு வந்தார். முதலில் மணி அடித்தவரே சொன்னதால் இதற்கு மதிப்பு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதே. பி.டி. நச்சு வேலை செய்ய வேண்டுமானால் புழுவின் காரத்தன்மையுள்ள குடல் வேண்டும். அந்தக் குடலின் சுவரில் நச்சு பற்றிக்கொள்ள ஏற்ற இடமும் வேண்டும். பாக்டீரியாவுக்கும் பூசணத்துக்கும் குடல் ஏது? அவற்றுக்கு அது வெறும் புரதம், களியில் ஒட்டாமல் கிடைத்தால் தின்றுவிட வேண்டியதுதான்.

இதற்கு அர்த்தம் எல்லாம் பத்திரம் என்பதல்ல. நச்சு அல்லாத வழியிலும் மாறுதல் வரலாம். அமெரிக்காவில் 1995-ல் வெளியான ஒரு சோதனையில் மூன்று பி.டி. பருத்தி வகைகளின் இலையை மண்ணில் புதைத்தார்கள். இரண்டு வகையில் பாக்டீரியாவும் பூசணமும் சில காலம் கூடுதலாகப் பெருகின. சுத்தமான நச்சை மட்டும் கலந்தபோது அப்படி நடக்கவில்லை. ஆக, மரபணுவைப் புகுத்தும்போது செடியின் வேறு ஏதோ குணமும் மாறியிருக்கிறது என்று அவர்கள் ஊகித்தார்கள். பி.டி. மக்காச்சோளத்தின் தண்டில் லிக்னின் என்ற நார்ப்பொருள் அதிகம் என்று ஸ்டாட்ஸ்கி கூடத்தார் 2001-ல் கண்டதும் இந்த வகையே. நார் கூடினால் மக்குவது தாமதிக்கும். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் சில பி.டி. மக்காச்சோள வகைகளின் வேரில் உட்பூசணம் குறைவாகப் பற்றியது என்ற ஆய்வுகளும் உண்டு. ஆகவே ஒரு பயிரில், ஒரு ரகத்தில் கண்டதை எல்லாப் பயிருக்கும் பொதுவாக்கிப் பேசுவது சரியல்ல. இரண்டு சாராரும் செய்யும் தவறு இது.

நம் நாட்டுப் பருத்தி மண்ணில்

இந்தியாவில் 2002 மார்ச்சில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் அங்கீகாரக் குழு மூன்று பி.டி. பருத்தி ஒட்டு ரகங்களுக்கு அனுமதி கொடுத்தது. தமிழ்நாடும் அதில் அடங்கும். 2006-ல் இரண்டு நச்சு மரபணு கொண்ட ரகங்கள் வந்தன. இன்று நாட்டின் பருத்திப் பரப்பில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இவ்வகைதான். ஆகவே மண்ணுக்குக் கெடுதல் உண்டா என்று பார்க்க வேண்டுமானால் நமக்குக் கைவசம் உள்ள பெரிய வயல் இதுவே.

2009 வாக்கில் நவதானியா என்ற அமைப்பு விதர்பாவில் 25 வயல்களில் மண் எடுத்துப் பார்த்ததாக அறிவித்தது. மூன்று வருஷம் பி.டி. பருத்தி போட்ட நிலத்தில் ஆக்டினோமைசீட்ஸ் 17 சதவீதமும் பாக்டீரியா 14 சதவீதமும் குறைந்திருந்தன என்றது அந்த அறிக்கை. பத்திரிகைகளில் பெரிதாக வந்த செய்தி இது. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்த பக்கத்து வயல்கள் எல்லாவற்றிலும் சாதாரணப் பருத்தி இருக்கவில்லை. வேறு பயிர்களும் இருந்தன. துவரை போட்ட கொல்லைக்கும் பருத்தி போட்ட கொல்லைக்கும் நுண்ணுயிரில் வித்தியாசம் வராமல் இருக்குமா? எரு கொட்டியவர் யார், கொட்டாதவர் யார்? இவற்றைப் பிரிக்காமல் பழியை மரபணுவின் மேல் மட்டும் போட முடியாது.

மறுபக்கம், நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் பி.டி. பருத்தியையும் பி.டி. அல்லாததையும் ஒப்பிட்டு 2013-ல் வெளியிட்ட ஆய்வில் நுண்ணுயிர்களுக்குத் தீங்கு எதுவும் தென்படவில்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி, அலபாமா மாநிலங்களில் 3 முதல் 6 வருஷம் தொடர்ந்து பி.டி. பருத்தி போட்டு, கட்டையையும் உழுதுவிட்ட நிலங்களில் மண் எடுத்துப் பார்த்து, நச்சு தங்கியதற்கு அடையாளம் இல்லை என்று 2002-ல் எழுதினார்கள். இந்த ஆய்வில் விதைக் கம்பெனியின் விஞ்ஞானிகளும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. பழைய ஆய்வுகள் பலவற்றில் மண்ணைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் ஊற்றி, வளரும் புள்ளிகளை எண்ணினார்கள். மண் பாக்டீரியாக்களில் அப்படித் தட்டில் வளரக்கூடியவை நூற்றுக்கு ஒன்று போலத்தான். மற்றவை கணக்கில் வராது. இப்போது மண்ணிலிருந்து நேரடியாக மரபுப் பொருளைப் பிரித்து எந்தெந்த இனம் இருக்கிறது என்று பார்க்கும் முறை வந்திருக்கிறது.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், பி.டி. நச்சு நம் மண்ணின் நுண்ணுயிர்களை அழித்துவிட்டது என்பதற்கு உறுதியான சாட்சியம் இல்லை. ஆனால் அதோடு கதை முடியவில்லை.

விதையோடு கூட வருவது

2020-ல் நாக்பூர் நிலையத்தின் முன்னாள் இயக்குநர் கிராந்தியும் அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டோனும் சேர்ந்து பி.டி. பருத்தியின் இருபது ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். மகசூல் ஏறியதற்கு விதையைவிட, அந்தக் காலத்தில் பருத்திக்குப் போட்ட உரம் பெருமளவு கூடியதே முக்கியக் காரணம் என்றார்கள். 2010-ல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் நச்சை எதிர்த்து நிற்பது உறுதியாயிற்று. பின்னால் இரண்டாவது நச்சையும் எதிர்த்துக்கொண்டது. பூச்சிமருந்துச் செலவு பழையபடி ஏறி, பி.டி. வருவதற்கு முன் இருந்ததையும் தாண்டிவிட்டது.

மண் உயிருக்கு அபாயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. விதை விலை அதிகம் என்பதால் எப்படியும் மகசூல் எடுத்தாக வேண்டும் என்று யூரியாவைக் கொட்டுகிறார்கள். ஊடுபயிரை விடுகிறார்கள். வருஷா வருஷம் அதே நிலத்தில் அதே பருத்தி. தழைச்சத்து உரம் அதிகமானால் பயறு வகைச் செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும். பயறே இல்லாவிட்டால் முடிச்சு பாக்டீரியாவுக்குக் குடியிருக்க வீடே இல்லை.

எருவுக்கும் உரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் ஒன்று நூறு வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது. அங்கே இரசாயன உரம் மட்டும் போட்ட பாத்திகளைவிட, தொழு உரம் போட்ட பாத்திகளிலும், உரமும் எருவும் கலந்து போட்ட பாத்திகளிலும் மக்கிய பொருளும் நுண்ணுயிரும் கூடுதலாக இருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். பி.டி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த உண்மை மாறுவதில்லை.

களைக்கொல்லி தாங்கும் விதை

பி.டி.யைவிட எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இந்த இரண்டாம் வகை. கிளைபோசேட் தெளித்தாலும் சாகாத பருத்தி விதைக்கு இந்தியாவில் அனுமதி இல்லை. ஆனால் 2017-ல் பல மாநிலங்களில் திருட்டுத்தனமாகப் பயிராவது வெளிவந்தது. 2019-ல் மகாராஷ்டிரத்தில் அகோலா மாவட்டத்து விவசாயிகள் வெளிப்படையாகவே விதைத்துப் போராட்டம் நடத்தினார்கள். களையெடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் அவர்கள் ஆசை புரியாமல் இல்லை. சந்தவாசல் பக்கத்திலும் மல்லாட்டைக்குக் களைக்கொத்து எடுத்து வர ஆள் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

ஆனால் கிளைபோசேட் வேலை செய்யும் விதத்தைக் கவனிக்க வேண்டும். செடிகள் சில முக்கியமான அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் பாதை ஒன்றை அது அடைத்துவிடுகிறது. மனிதனுக்கும் மாட்டுக்கும் அந்தப் பாதை இல்லை. ஆனால் பாக்டீரியாவிலும் பூசணத்திலும் இருக்கிறது. பி.டி. நச்சுக்கு நுண்ணுயிரிடம் பிடிக்க இடமில்லை என்று பார்த்தோம். இங்கே இடம் இருக்கிறது.

அமெரிக்காவில் அர்க்கன்சாஸ் பல்கலைக்கழகத்தார் களைக்கொல்லி தாங்கும் சோயா மொச்சையில் சோதனை செய்து 2001-ல் வெளியிட்டார்கள். மருந்து தெளித்த செடிகளில் தழைச்சத்தைப் பிடிக்கும் வேலை ஆரம்பத்தில் தாமதப்பட்டது. தண்ணீர் பற்றாக்குறை இருந்தால் பாதிப்பு கூடுதல். சோயா வேரில் உள்ள முடிச்சு பாக்டீரியாவும் நம் மல்லாட்டையில் உள்ளதும் ஒரே குடும்பம் என்பது கவனிக்கத்தக்கது. மிசௌரியில் கிரீமர் என்ற ஆராய்ச்சியாளர், தெளித்த பின் வேரில் ஃபியூசேரியம் பூசணம் கூடுவதைக் கண்டார். நம் பக்கம் வாடல் நோய் உண்டாக்கும் பூசணங்களுக்கு உறவு அது. எல்லா ஆய்வும் இப்படிச் சொல்லவில்லை என்பதும் உண்மை. கிளைபோசேட் களிமண்ணில் இறுகப் பிடித்துக்கொள்ளும், சில பாக்டீரியாக்கள் அதையே தின்றும் தீர்க்கும். பல நல்ல நிலங்களில் சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிட்டதாகவும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மக்கு குறைந்த, வறண்ட செம்மண் கொல்லைக்கு அந்த தைரியம் எனக்கு இல்லை.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று இருக்கிறது. அந்தப் பருத்தியின் மேல் மருந்து தெளிக்கும் வயலில் ஊடுபயிராக உளுந்தோ காராமணியோ மல்லாட்டையோ வைக்க முடியாது. பருத்தி நிற்கும், மற்றது எல்லாம் கருகும். பக்கத்துக் கொல்லைக்குக் காற்றில் மருந்து போனால் அவர் மல்லாட்டையும் போச்சு. பயறு வகை நிலத்தைவிட்டுப் போனால் அதை நம்பிய பாக்டீரியாவும் வருஷத்துக்கு வருஷம் குறையும்.

2022 அக்டோபரில் மத்திய அரசு கிளைபோசேட் உபயோகத்துக்குக் கட்டுப்பாடு விதித்தது. பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்ய உரிமம் பெற்றவர் மூலமாகத்தான் உபயோகிக்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. அனுமதியில்லாத விதையை யாராவது ரகசியமாகக் கொண்டு வந்து விற்றால் ரசீது கிடையாது, முளைக்காவிட்டால் கேட்க நாதி கிடையாது. அந்த விதையை வாங்காமல் இருப்பதே நல்லது.

இனி வரப்போவது

கத்தரி விஷயத்தில் 2010 பிப்ரவரி 9-ஆம் தேதி அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பி.டி. கத்தரியை நிறுத்தி வைத்தார். நம் கோயமுத்தூர் பல்கலைக்கழகமே நான்கு ரகங்களைத் தயார் செய்து வைத்திருந்தது. சுதந்திரமான சோதனைகள் போதாது என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. பக்கத்து வங்கதேசத்தில் 2014 முதல் பி.டி. கத்தரி பயிராகிறது. நமக்கு வேலூர் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி இருக்கிறது. 2023-ல் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

மேலே சொன்ன டி.எம்.எச். 11 கடுகுக்கு 2022 அக்டோபரில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் வேறு வேறு தீர்ப்பு கூறியதால் விஷயம் அதோடு நின்றது. இந்தக் கடுகும் ஒரு களைக்கொல்லியைத் தாங்கக்கூடியது என்பதால் மண்ணைப் பற்றிய கேள்வி இதற்கும் பொருந்தும். 2025 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட இரண்டு நெல் ரகங்கள் வேறு வகை. அவற்றில் வெளி மரபணு எதையும் வைக்காமல், நெல்லின் சொந்த மரபணுவையே திருத்தியிருக்கிறார்கள். நச்சு கசியும் பேச்சு அங்கே எழவில்லை.

கொல்லையில் நீங்களே பார்க்கலாம்

சோதனைக் கூடத்தை நம்பித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மல்லாட்டை பூக்கும் சமயத்தில், விதைத்த 30 முதல் 40 நாளில், கொல்லையில் நாலைந்து இடத்தில் செடியை மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து எடுங்கள். கையால் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே தங்கிவிடும். வேரைத் தண்ணீரில் அலசிவிட்டு முடிச்சுகளை எண்ணுங்கள். சிலவற்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது. பச்சையாகவோ வெள்ளையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று துணிச் சோதனை. கனடாவிலும் அமெரிக்காவிலும் விவசாயிகள் பருத்தி உள்ளாடையை நிலத்தில் புதைத்து வைத்து இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்க்கிறார்கள். நமக்குக் கோவணத் துணி போதும். சாயம் போடாத சுத்தப் பருத்தித் துணி இரண்டு துண்டு எடுத்து, எரு போட்டு வரும் கொல்லையில் ஒன்றும், பல வருஷமாக உரம் மட்டுமே கண்ட கொல்லையில் ஒன்றுமாக, அரை அடி ஆழத்தில் புதையுங்கள். மண்ணில் ஈரம் உள்ள ஆவணி, புரட்டாசி இதற்கு ஏற்ற காலம். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் நுண்ணுயிர் நிறைந்த மண்ணில் துணி இற்றுப் போய் நூலும் பாதியுமாக வரும். மற்றதைத் துவைத்துத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் போல இருக்கும்! ஒரே நிலத்தில் மட்டும் புதைத்தால் எதோடு ஒப்பிடுவது? ஆகவே இரண்டு இடம் அவசியம்.

முடிச்சு குறைவாகக் கண்டவர்கள் அடுத்த பட்டத்தில் ரைசோபியம் கலந்து விதைக்கலாம். மல்லாட்டைக்கு உரிய ரைசோபியம் 3 பாக்கெட், பாஸ்போபாக்டீரியா 3 பாக்கெட், ஒவ்வொன்றும் 600 கிராம், ஒரு ஹெக்டேர் விதைக்குப் போதும். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். பூசணக் கொல்லி மருந்து கலந்த விதையானால் மருந்து கலந்து ஒரு நாள் கழித்தே இதைக் கலக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் பாக்டீரியா செத்து, வெறும் கரிப்பொடியைத் தூவியதாக ஆகும். மீதம் விதைக்காமல் மண்ணில் இடுவதானால் ஒவ்வொன்றிலும் 10 பாக்கெட்டை 25 கிலோ தொழு உரம், 25 கிலோ மண்ணோடு கலந்து சாலில் தூவலாம்.

பாக்கெட் வாங்கும்போது காலாவதித் தேதியையும், எந்தப் பயிருக்கு உரியது என்பதையும் படித்துப் பார்த்து வாங்குங்கள். உளுந்துக்கு உரிய பாக்கெட் மல்லாட்டைக்குச் சரிப்படாமல் போகலாம். வாங்கியதை பஸ்ஸின் மேல்கூரையில் வெயிலில் போட்டு எடுத்து வராமல் பையில் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். உள்ளே இருப்பது உயிர்.